மேல் நுனியில் கொஞ்சம் தொய்வு

ஜூன் 4

ஓடைத்தலையில் வேலை முடிந்தது. மண்டபத்துக்கு இந்தப் பக்கம், தென்கடலை ஒட்டி ஒரு பயிற்சி முகாம் திறக்கிறார்கள். பலகையில் பாய் கட்டி, அதன்மேல் நின்றுகொண்டு காற்றில் ஓடுவார்களாம். விண்ட்சர்ஃபிங் என்று பெயர். திறப்பு விழாவுக்கு ஷாமியானாவும் நாற்காலியும் நம்முடையது. கச்சான் காற்று தொடங்கிவிட்டது. தென்மேற்கிலிருந்து மண்ணை வாரி முகத்தில் அடிக்கிற இந்தக் காற்றில், கடற்கரையில் துணி கட்டி நிறுத்த ராமநாதபுரத்தில் இந்தப் பூமிநாதனை விட்டால் ஆள் கிடையாது. இதை நானே எழுதிக்கொள்வதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

கிளம்பும்போது கொட்டகைக்குப் பின்னால் அவர்களுடைய பாய்கள் வரிசையாகக் கிடப்பதைப் பார்த்தேன். அத்தனையும் மேல் நுனியில் தொளதொள என்று இருக்கிறது. பார்க்கவே கேவலமாக இருந்தது. கட்டத் தெரியாத எவனோ கட்டியிருக்கிறான். என் வேலையாள் காட்டுராஜாவைக் கூப்பிட்டு, ஒவ்வொன்றாகப் பிடிக்கச் சொல்லி, பாய்மரத்தின் அடியில் இருந்த கயிற்றைத் தளர்த்தி, பக்கவாட்டுக் கயிற்றை இழுத்து, சுருக்கம் ஒன்று இல்லாமல் விறைப்பாகக் கட்டிவிட்டு வந்தேன். யாரும் கேட்கவில்லைதான். தொழில் தெரிந்தவன் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா வர முடியுமா.

ஜூன் 5

உபகாரம் உபத்திரவமாகிவிட்டது. காலையில் முகாமிலிருந்து போன். உடனே வரவேண்டுமாம். ஷாமியானா பறந்துவிட்டதோ என்று அடித்துப்பிடித்து ஓடினேன். என் பெண்டாட்டி மங்களமும் வண்டியில் ஏறிக்கொண்டாள். கடைசியாக மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததிலிருந்து மின்வாரிய ஆபீசுக்கு லீவு போட்டிருக்கிறாள். வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்கு இது பரவாயில்லை என்று நானும் விட்டுவிட்டேன்.

ஷாமியானா கல் மாதிரி நின்றது. முகாம் நடத்தும் ஜெரோன் என்கிற பாம்பன்காரர்தான் இடுப்பில் கைவைத்து நின்றார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வெளிநாட்டுப் போட்டிக்கெல்லாம் போய் வந்தவராம். விழாவுக்கு வந்த விருந்தாளிகள் தண்ணீரில் ஏறியதும் ஒருவர் பாக்கியில்லாமல் தூக்கி எறியப்பட்டார்களாம். கலெக்டர் ஆபீஸ் அதிகாரி ஒருவர் கண்ணாடியைக் கடலில் விட்டுவிட்டார்.

“அண்ணே, பாயில கை வச்சது நீங்களா?”

“ஆமா. தொங்கிக்கிட்டுக் கெடந்துச்சு. இழுத்துக் கட்டுனேன்.”

“அது தொங்கத்தாண்ணே செய்யணும். மேல தொய்வா விட்டாத்தான், திடீர்னு காத்து கூடுறப்ப மிச்சக் காத்து அது வழியா வழிஞ்சு போகும். நீங்க இறுக்கிட்டீங்க. போக வழியில்லாம மொத்தக் காத்தும் ஆளத் தூக்கி அடிக்கிது.”

“தொய்வா இருந்தா அதுக்குப் பேரு பாயில்ல தம்பி. கோவணம்.”

பின்னால் ஒரு சத்தம் கேட்டது. திரும்பினால் மங்களம். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். அடக்கப் பார்க்கிறாள், முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வருகிறது. பங்குனி மாதத்துக்கு அப்புறம் அவள் சிரித்து நான் கேட்கவில்லை.

ஜெரோனும் சிரித்துவிட்டார். “ரெண்டு பேரும் வந்து ஒரு நா ஏறிப் பாருங்க. அப்பத்தான் அண்ணனுக்கு விளங்கும்” என்றார். எனக்குச் சர்க்கரை இருக்கிறது. டாக்டர் உடற்பயிற்சி செய்யச் சொல்லிக் கத்திக்கொண்டே இருக்கிறார். அதனால் சேர்ந்துவிட்டேன். இரண்டு பேர் பெயரையும் கொடுத்தேன்.

ஜூன் 8

முதல் வகுப்பு. மணல்திட்டு ஒன்று கடலை மறித்துக் கிடப்பதால் உள்பக்கம் குளம் மாதிரி அமைதி. இடுப்பளவு தண்ணீர். காற்று மட்டும் குறையாமல் வருகிறது. மங்களம் சுடிதாருக்கு மேல் மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு என்னைப் பார்க்காமல் நின்றாள்.

ஆளுக்கு ஏற்ற பாயைத் தேர்ந்தெடுக்க எடை வேண்டுமாம். ஜெரோன் சர்வசாதாரணமாக, “அக்கா எத்தன கிலோ?” என்று கேட்டார். மதுரைக்குப் போகும்போதெல்லாம் அவளை எடை மெஷினில் ஏற்றி நிறுத்துவார்கள். அங்குள்ள நர்ஸ் நம்பரைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுத்தான் எழுதும். பிள்ளைக்காக ஊசி போட்டுப் போட்டு ஏறிய எடை என்று அதற்கே தெரியும்.

“அறுபத்தெட்டு” என்றாள் மங்களம். சத்தமாகத்தான் சொன்னாள்.

“அப்ப நாலு மீட்டர் பாய் எடுத்துக்கங்க. ஒல்லியா இருந்தா மூணுதான் குடுப்பேன். காத்து இழுக்குறதுக்கு எதிரா நம்ம எடதான நிக்கணும்.” எனக்குத் தொண்ணூற்றிரண்டு. கதவு அகலத்தில் ஒரு பலகையும் பெரிய பாயும் கிடைத்தன.

திரும்பி வரும்போது உச்சிப்புளி தாண்டி அவள் சொன்னாள்: “கனமா இருக்குறது நல்லதுன்னு இப்பத்தான் ஒரு ஆளு சொல்லிக் கேக்குறேன்.” நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

ஜூன் 9

உடம்பில் வலிக்காத இடம் கண் இமை மட்டும்தான்.

ஜூன் 13

பட்டணம்காத்தானில் பந்தல். வாழைமரம் கட்டி, சீரியல் லைட் போட்டு, நடுவில் மரநாற்காலிக்குப் பூ அலங்காரம். மங்களம் என்ன விசேஷம் என்று கேட்டாள். சடங்கு என்று சொல்லிவிட்டுப் போனேன். உண்மையில் வளைகாப்பு. சாயங்காலம் வந்து சட்டையைக் கழற்றிப் போட்டேன். பையிலிருந்து கண்ணாடி வளையல் ஒன்று விழுந்தது. அந்த வீட்டம்மா எல்லோருக்கும் கொடுத்தபோது வாங்கிப் போட்டது மறந்தேபோய்விட்டது. அவள் அதை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

ஜூன் 17

இதில் சுக்கான் கிடையாது. நான் முதல் நாளே தேடினேன். சுக்கான் இல்லாமல் எதை வைத்துத் திருப்புவது? பாயையேதான் சாய்க்கவேண்டுமாம். மரம் அடியில் மூட்டு வைத்திருக்கிறது, எந்தப் பக்கமும் சாயும். பாயை முன்னால் சாய்த்தால் பலகை காற்றை விட்டு விலகும். பின்னால் சாய்த்தால் காற்றைப் பார்த்துத் திரும்பும். கேட்க எளிதாக இருக்கிறது. நின்று பார்த்தால்தான் தெரியும்.

நான் பாயைத் தண்ணீரிலிருந்து தூக்குவதற்குள் மூச்சு வாங்கி, தூக்கியதும் விழுந்து, ஏறி, தூக்கி, மறுபடி விழுந்து கடல் தண்ணீரில் பாதியைக் குடித்தேன். பலத்தால் இழுக்கிறேனாம். “முதுகால தூக்காதீங்கண்ணே, முட்டிய மடக்கிப் பின்னால சாஞ்சா பாய் தானா வரும்.” தானாக எது வந்திருக்கிறது எனக்கு?

மங்களம் விழும்போது சத்தமே போடுவதில்லை. விழுந்து, எழுந்து, முடியை ஒதுக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறாள். இன்று அவள் பாயைத் தூக்கிப் பிடித்து, கொஞ்சம் திருப்பினாள், பலகை நகர்ந்தது. நேராக மணல்திட்டு வரை போனாள். ஒரு தென்னந்தோப்பைத் தாண்டுகிற தூரம் இருக்கும். போய்ச் சேர்ந்து இறங்கி நின்று இங்கே திரும்பிப் பார்த்தாள். நான் கையைத் தூக்கிக் காட்டினேன். கை தூக்கியதில் நான் விழுந்தேன்.

ஜூன் 22

பரமக்குடியிலிருந்து அக்கா போன் பண்ணியது. மதுரை டாக்டரிடம் அதுவே பேசிவிட்டதாம். இன்னும் ஒரு தடவை பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆகஸ்ட் நாலாம் தேதி போய் மருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பித்த நாளிலிருந்து ஓடக்கூடாது, கனம் தூக்கக்கூடாது. கடல், பலகை எல்லாம் நினைக்கவே கூடாது.

“மூணு தடவ தவறிருச்சுன்னா நாலாவது நிக்காதுன்னு எங்கயாச்சும் எழுதியிருக்கா தம்பி? மங்களத்துக்கு முப்பத்தொம்பது முடியப்போகுது. இத விட்டா நாள் கிடையாது” என்றது அக்கா. அம்மா போன பிறகு என்னை வளர்த்தது அக்காதான். அது அழுதால் எனக்குக் கை கால் ஓடாது. சரிக்கா, வருகிறோம் என்று சொல்லிவிட்டேன்.

பிறகுதான் மங்களத்திடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். “நீங்க சொன்னா வாரேன்” என்றாள். அவ்வளவுதான். முடிந்தது. ஒரு பிரச்சினையும் இல்லை. எதற்கு எனக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை என்று தெரியவில்லை. குழம்பில் உப்பு கூடியிருக்கும்.

ஜூலை 3

மங்களத்துக்குப் பலகை மாற்றினார்கள். பெரிய பலகையில் நின்றால் விழமாட்டோம், ஆனால் அது எருமை, தட்டினாலும் நகராது. புதியது குறுகல், மெலிசு. நின்றால் தள்ளாடுகிறது. வேகம் பிடித்தால்தான் அதற்கு நிலை வருமாம். பாய் நாலே முக்கால் மீட்டர். கையால் பிடிக்கும் சட்டம் அவள் தோளுக்கும் நாடிக்கும் நடுவில் வருகிற மாதிரி மாட்டவேண்டும். தாழ்வாக மாட்டினால் இடுப்பு ஒடியும், உயரமாக மாட்டினால் கை அற்றுப்போகும். அவளே நின்று அளந்து, அவளே மாட்டினாள்.

இடுப்புக்கு ஒரு பட்டையும் உண்டு. முன்னால் கொக்கி. சட்டத்தில் தொங்கும் கயிற்றில் அந்தக் கொக்கியை மாட்டிக்கொண்டால், காற்றின் இழுப்பு கையை விட்டு உடம்புக்கு வந்துவிடும். கயிறு சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க, இரண்டு கையையும் விட்டுப் பார்க்க வேண்டும். பாய் எந்தப் பக்கமும் ஓடாமல் நின்றால் சரி. அவள் இரண்டு அங்குலம் முன்னால் தள்ளினாள், விட்டுப் பார்த்தாள், அரை அங்குலம் பின்னால் இழுத்தாள், மறுபடி விட்டுப் பார்த்தாள். பாய் அப்படியே நின்றது. இவ்வளவு கருத்தாக அவள் எதையும் செய்து நான் பார்த்து எத்தனை காலம் ஆகிறது.

“கையால பிடிச்சுக்கிட்டே கெடக்க வேணாங்க” என்றாள் என்னிடம். “மாட்டிக்கிட்டுச் சாஞ்சிட்டா அதுவே தாங்கிக்கிருது.”

ஆபீசில் மறுபடி சேர்ந்துவிட்டாள். சனி, ஞாயிறும் சாயங்காலமும்தான் கடல்.

ஜூலை 6

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன்.

சாயங்காலம் காற்று திடீரென்று கூடியது. எங்களுடன் கற்றுக்கொள்ளும் காலேஜ் பையன்களெல்லாம் கரையேறிவிட்டார்கள். நானும் ஏறிவிட்டேன். மங்களம் மட்டும் நடுவில் இருந்தாள். ஜெரோன் கரையிலிருந்து கையைக் காட்டிக்கொண்டிருந்தார், பின்னால் போ, பின்னால் போ என்று. அவள் கொக்கியை மாட்டினாள். பின் காலைப் பலகையின் கடைசிக்கு நகர்த்தினாள். நாற்காலியில் உட்காருகிற மாதிரி உடம்பைப் பின்னால் சாய்த்தாள்.

பலகை அதுவரை தண்ணீரைத் தப் தப் என்று அடித்துக்கொண்டு போனது. சட்டென்று அந்தச் சத்தம் நின்றது. மூக்கு கொஞ்சம் தூக்கியது. பிறகு பலகை மொத்தமும் தண்ணீருக்கு மேலே வந்துவிட்டது. நான் கண்ணால் பார்த்தேன். அடியில் ஒரு சாண் அளவுதான் தண்ணீரில் தொட்டுக்கொண்டிருந்தது, மற்றதெல்லாம் வெளியே. சர்ரென்று ஒரு சத்தம், பின்னால் வெள்ளையாக ஒரு கோடு. அவ்வளவு வேகத்தில் ஒரு மனுஷி போவாள் என்று நான் நினைத்ததே இல்லை. மோட்டார் இல்லை, பெட்ரோல் இல்லை. ஒரு துணி, ஒரு பலகை, அறுபத்துச் சொச்சம் கிலோவில் என் பெண்டாட்டி. தண்ணீர் பச்சையாக இருந்தது, திட்டுக்கு அந்தப் பக்கம் கடல் கருநீலம். பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் அவள் போய்க்கொண்டே இருந்தாள்.

பக்கத்தில் நின்ற ஜெரோனுடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஒன்றும் நினைக்கவில்லை. “மேல ஏறிட்டாங்கண்ணே” என்றார், அவ்வளவுதான்.

கரைக்கு வந்தவளுக்கு உதடு நடுங்கியது. குளிரா என்றேன். இல்லை என்று தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து வெகுநேரம் கழித்து, தோசை ஊற்றும்போது சொன்னாள்: “ஏங்க, அந்த நேரத்துல நான் எதையுமே நினைக்கல. ஒண்ணு கூட.” 

ஜூலை 7

மதுரைக்குப் போகவேண்டிய தேதியை அக்கா போன் பண்ணி ஞாபகப்படுத்தியது. மறக்கவில்லை என்றேன்.

ஜூலை 13

மூன்று முகூர்த்தம். காட்டுராஜா வரவில்லை, மாமியார் வீட்டுக்குப் போய்விட்டான். தேவிபட்டினத்தில் நானே கம்பு ஊன்றினேன். காற்று. கம்பத்தின் மேல் ஏறிக் கயிற்றை இழுக்கும்போது அந்தத் துணி படபடவென்று என் முகத்திலேயே அடித்தது. வழக்கமாக இன்னொரு முடிச்சுப் போடுவேன். இன்று கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கீழே இருந்து மாப்பிள்ளையின் தகப்பனார், “என்னப்பா, தூக்கமா?” என்று கத்தினார்.

ஜூலை 20

இன்று செத்திருப்பேன். கொஞ்சம் கூட்டித்தான் எழுதுகிறேன், ஆனால் இடுப்பளவு தண்ணீர் முடிந்து ஆழம் வருகிற இடத்தில் நான் இருந்தது உண்மை.

ஆறரை மீட்டர் பாய் கொடுத்தார்கள். மேலே வழக்கம்போல் தொய்வு. ஒரு மாதமாக எனக்கு அது உறுத்திக்கொண்டேதான் இருக்கிறது. எல்லோரும் சொல்கிறார்கள், மங்களம் கண்ணெதிரே காட்டுகிறாள், இருந்தாலும் இருபது வருஷமாகத் துணி கட்டிய கை கேட்கமாட்டேன் என்கிறது. ஜெரோன் அந்தப் பக்கம் போனதும் அடிக்கயிற்றை நாலு விரற்கடை விட்டு, நுனியை விறைப்பாக்கினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

காற்று ஒரே சீராக வருகிறவரை ஒன்றும் தெரியவில்லை. திட்டை நெருங்கும்போது ஒரு வீச்சு வந்தது. பாய் அதை விடவே இல்லை. அப்படியே வைத்துக்கொண்டு என்னை முன்னால் தூக்கி எறிந்தது. ஏறினேன். மறுபடி எறிந்தது. எறிந்து எறிந்து என்னைத் திட்டின் கடைசி வரை, வாய்க்கால் மாதிரிக் கடலுக்குள் தண்ணீர் இழுக்கிற இடம் வரை கொண்டுபோய்விட்டது. கை செத்துவிட்டது. பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குப்புறக் கிடந்தேன். நான் கூப்பிட்டது அவள் பெயரை. கரையில் அத்தனை பேர் இருந்தார்கள், ஜெரோன் இருந்தார், படகு இருந்தது. எனக்கு வாயில் அவள் பெயர்தான் வந்தது.

அந்த வெள்ளைக் கோடு என்னைப் பார்த்துத் திரும்புவதைப் பார்த்தேன்.

பக்கத்தில் வந்து, காற்றை வழியவிட்டு நிறுத்தி, குதித்து, என் பலகையின் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய பலகையை இன்னொரு கையில். காலால் தரை தேடி, நடந்தே இரண்டையும் திட்டுக்குக் கொண்டுவந்தாள். ஜெரோன் படகில் கிளம்பியவர், நாங்கள் திட்டில் ஏறியதைப் பார்த்துக் கையைக் காட்டிவிட்டுத் திரும்பினார். அங்கே யாரும் இல்லை. இரண்டு பக்கமும் கடல், நடுவில் வெள்ளை மணல், நாங்கள் இரண்டு பேர். அப்படி ஒரு இடத்தில் நாங்கள் இருந்ததே இல்லை. கல்யாணமான புதிதில் கூட எங்கேயும் கூட்டிப் போகவில்லை நான்.

அவள் என் பாயைத் திருப்பிப் பார்த்தாள். “இறுக்கிட்டீங்களா?” என்றாள். நான் மணலைக் கிளறினேன். மரத்தின் அடியில் காலை ஊன்றி, அடிக்கயிற்றைக் கொக்கியில் சுற்றிக்கொண்டு, முக்கிப் பின்னால் சாய்ந்து இழுத்தாள். மரம் வில்லாக வளைந்தது. மேல் நுனி தொளதொளத்தது. கயிற்றைப் பூட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

“மூணாவது தடவ,” என்றாள், “ரத்தம் பட்ட அன்னைக்கி நீங்க திருப்புல்லாணியில கல்யாண வேலையில இருந்தீங்க. போன் போடலாம்னு எடுத்தேன். மேளச் சத்தம் கேட்டுச்சு. வச்சிட்டேன்.”

அந்தப் போன் எனக்கு ஞாபகம் இருந்தது. அவள் கை தவறி அழுத்திவிட்டாள் என்று நினைத்தேன்.

“மறுபடி அந்தப் பெட்டுல போயிப் படுக்கணும்னா எனக்குப் பயமா இருக்குங்க. வலிக்கும்னு இல்ல. படுத்துட்டு வந்து, பதினஞ்சு நாளு, உள்ள ஒண்ணு இருக்கா இல்லையான்னு காது வச்சுக் கேட்டுக்கிட்டே இருப்பேன். அந்தப் பதினஞ்சு நாளுதான்.”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது நன்றாகத் தெரிகிறது. அங்கே உட்கார்ந்திருந்தபோது சொன்னது இது: “அக்காட்ட வாரோம்னு சொல்லிட்டேனே.”

“சரி” என்றாள். எழுந்து மணலைத் தட்டிவிட்டாள்.

இந்த வாயைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

திரும்பி வரும்போது அவள் முன்னால், நான் பின்னால். அவள் கட்டிக்கொடுத்த பாய். அதே வீச்சு வந்தது. நான் கண்ணை மூடினேன். மேலே துணி படபடவென்று திறந்து, காற்று அதன் வழியாகப் போய்விட்டது. என்னைத் தொடவே இல்லை.

ஜூலை 21

ஒரு பந்தலும் இல்லை. நாள் முழுக்க வீட்டில் இருந்தேன்.

ஜூலை 29

எனக்கும் பலகை மேலே ஏறியது. ஆமாம், எனக்கும். மூன்று மூச்சு நேரம் இருக்கும். யாரும் பார்க்கவில்லை, மங்களம் ஆபீசில் இருந்தாள். நான் போய்விட்டேன், அவ்வளவுதான் சொல்ல முடியும். கீழே பாசி வரிசை வரிசையாக ஓடியது, மீன் சிதறியது, தொண்ணூற்றிரண்டு கிலோவும் எங்கே போனதென்று தெரியவில்லை. அவள் சொன்னது சரி. எதையுமே நினைக்க முடியாது. அக்காவை, ஆகஸ்ட் நாலை, வயதை, ஒன்றையும். பிறகு விழுந்தேன், எல்லாம் திரும்பி வந்தது.

இதைத்தான் நான் அவளிடமிருந்து எடுக்கப் போகிறேன் என்று தண்ணீருக்குள் நின்றபடி எனக்கு உறைத்தது. அவள் மறுக்கமாட்டாள். அதனால்தான் நான் கேட்கக் கூடாது.

ஆகஸ்ட் 2

அக்கா வந்துவிட்டது. கூட ஒரு பை நிறைய உளுத்தங்களியும் எள்ளுருண்டையும். உத்தரகோசமங்கைக்கு நேர்ந்துகொண்டிருக்கிறதாம். நாலாம் தேதி மூன்று பேரும் சேர்ந்து போகிறோம் என்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொன்னது. மங்களம், “வாங்க மதினி” என்று சொல்லிவிட்டுக் காப்பி போட அடுப்படிக்குப் போனாள்.

நான் நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன்.

“நாங்க மதுரைக்கு வரலக்கா.”

“என்னடா?”

“இனிமே போகல. போதும்.”

“யாரு சொன்னது? அவளா?”

“அவ ஒண்ணும் சொல்லல. அவ வாரேன்னுதான் சொன்னா. நாந்தான் வேணாங்குறேன்.”

“பிள்ள வேணாங்குறியா?”

“அவளப் போட்டு இன்னொரு தடவ படுத்த என்னால முடியாது. எனக்கு அவ போதும்க்கா.”

இப்படி ஒரு வார்த்தை நான் என் வாழ்நாளில் சொன்னது கிடையாது. சொன்ன பிறகு காது இரண்டும் சுட்டது. அக்கா வாயைத் திறந்து திட்ட ஆரம்பித்தது. பெண்டாட்டிக்குப் பயந்தவன், வம்சம், கடல், பலகை, எல்லாம் வந்தது. கேட்டுக்கொண்டு நின்றேன். மங்களம் சந்தோஷப்படுவாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் காப்பித் தம்ளரோடு சிரித்த முகமாக வெளியே வருவாள் என்றுகூட நினைத்தேன். மடையன்.

அவள் வெளியே வந்தாள். தம்ளரைத் தரையில் வைத்தாள். சுவர் ஓரமாக உட்கார்ந்து, அழ ஆரம்பித்தாள். சத்தம் போட்டு அழுதாள். மூன்று தடவையும் அவள் இப்படி அழவில்லை. ஒவ்வொரு தடவையும் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, சாப்பிட்டீங்களா என்றுதான் கேட்டாள். அத்தனையையும் சேர்த்து வைத்திருந்தாள் போலிருக்கிறது.

“எனக்கும் ஆசதாங்க” என்றாள். “வேணாம்னு நான் ஒரு நாளும் சொன்னதில்ல. எனக்கும் ஆசதான். என்னால முடியலயேங்க.”

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அக்கா பேச்சை நிறுத்திவிட்டது. அதுவரை திட்டிய அக்கா, மெல்லச் சுவரைப் பிடித்து மறுபக்கம் உட்கார்ந்து, அவள் தலையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டது. “அழு ஆத்தா, அழுது தீத்துரு” என்றது. அப்புறம் அதுவும் அழுதது. நானும்தான். பிறக்காமலே போன பிள்ளைக்கு எங்கள் வீட்டில் இன்றைக்குத்தான் அழுதோம்.

காப்பி ஆறிப்போய்விட்டது. சூடு பண்ணி மூன்று பேரும் குடித்தோம்.

ஆகஸ்ட் 3

அக்கா காலை பஸ்ஸுக்குப் போவதாக இருந்தது. போகவில்லை. “அப்படி என்னதான் அங்க இருக்குன்னு நானும் பாக்குறேன்” என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வண்டியில் ஏறியது.

ஓடைத்தலையில் காற்று பேயாட்டம் ஆடியது. மங்களத்தின் கண் வீங்கியிருந்தது. ஜெரோன் பார்த்தார். “இன்னைக்கி நாலு மீட்டர் போதுங்கக்கா, பலகைக்கு அடியில சின்ன ஃபின்னா மாட்டுங்க” என்றார் அவ்வளவுதான். அவள் பாயைக் கட்டினாள். நான் மரத்தைப் பிடித்துக்கொண்டேன். இழுத்து, பார்த்து, இன்னும் கொஞ்சம் இழுத்து, சட்டத்தை மாட்டி, தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போனாள். ஏறவில்லை, காற்றே அவளைத் தூக்கிப் பலகையில் வைத்தது. தண்ணீருக்குள்ளிருந்து அப்படி எழும்புவதை அவள் எப்போது கற்றுக்கொண்டாள் என்று எனக்கே தெரியாது.

அக்கா காதில் முந்தானையைச் சுற்றிக்கொண்டு கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தது. எவனோ ஒருவன் சுண்டல் கொண்டுவந்தான், வேண்டாம் என்றது. கொஞ்ச நேரத்தில் கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டு எழுந்தது.

“தம்பி, அந்தா திட்டுக்கிட்டப் பறந்து போறது யாருடா? வெளிநாட்டுக்காரியா?”

“மங்களம்க்கா.”

“சும்மா சொல்லாத.”

“மங்களந்தான்.”

அவள் திட்டின் ஓரத்தில் திரும்பினாள். பாய் ஒரு சுற்றுச் சுற்றி மறுபக்கம் வந்தது, வேகம் குறையவில்லை. வெயில் தண்ணீரில் பட்டுக் கண் கூசியது. அதற்குள் அவள் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தாள். உடம்பு முழுக்கப் பின்னால் சாய்ந்து, முதுகு தண்ணீரைத் தொடுகிற மாதிரி, தலை மட்டும் நிமிர்ந்து. நான் தினமும் பார்க்கிறேன், இருந்தாலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

அக்கா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, கணுக்கால் தண்ணீர் வரை இறங்கி நின்றது. அதன் வாய் திறந்திருந்தது. அது எதற்கு வந்தது என்பதே அதற்கு மறந்துவிட்டது போலிருந்தது.

“விழுந்துர மாட்டாளே” என்றது.

“விழுவாக்கா. விழுந்தா எந்திரிச்சுக்கிருவா.”

அக்கா சரி என்று சொல்லவில்லை. மதுரைப் பேச்சையும் எடுக்கவில்லை. அவள் கரைக்கு வந்து சேரும் வரை, அந்த வெயிலில், நிழலுக்குத் திரும்பாமல் அங்கேயே நின்றது.